விட்டு விடு என்றதும் விடாது என்றதும்

இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய நாவலின் பெயர் ‘விட்டு விடு கருப்பா’. அதே கதை சன் தொலைக்காட்சியில் தொடராக வந்தபோது பெயர் ‘விடாது கருப்பு’ என்று மாறிற்று. நேயர்களே, அமானுஷ்ய மர்ம நாவல் ஒன்று திரைக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச எண்ணியிருக்கிறேன். அதற்கு இந்தப் பெயர் மாற்றத்தை விட நல்ல வாசல் வேறில்லை.

‘விட்டு விடு கருப்பா’ என்பது பயந்தவனின் குரல். அகப்பட்டுக்கொண்ட ஒருவன் கை கூப்பிக் கெஞ்சுகிறான். ‘விடாது கருப்பு’ என்பது தூர நின்று பார்ப்பவனின் குரல். தீர்ப்பு முடிந்துவிட்டது, தப்ப வழியில்லை என்று அவன் அறிவிக்கிறான். நாவலை வாசிக்கிறவன் கெஞ்சுகிறவனுக்குள்ளே இருந்துகொண்டு பயப்படுகிறான். திரையைப் பார்க்கிறவனோ வெளியே, நாற்காலியில் இருக்கிறான். அவனுக்குக் குதிரைக் குளம்பு கேட்கவேண்டும், அரிவாள் மின்னவேண்டும். பெயரை மாற்றியவர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் மாற்றினார்களோ, காதுக்கு நன்றாக இருக்கிறது என்று மாற்றினார்களோ, எப்படியானாலும் மாற்றம் சரியான இடத்தில் நடந்திருக்கிறது. (எங்கள் பள்ளிக்கூடங்களில் ‘கறுப்பு’ என்று வல்லின றகரம் போட்டுத்தான் படித்தோம். பெயர் அவர்களுடையது என்பதால் அவர்கள் எழுத்திலேயே விட்டுவிடுகிறேன்.)

1958இல் சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன், 2024 நவம்பர் 10ஆம் திகதி மதுரையிலேயே காலமானார். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மாத நாவல்களில் வளர்ந்தவர்களுக்கு அவருடைய பெயரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. இலக்கிய விமரிசகர்கள் அந்த வகை நாவல்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அது அவர்கள் வழக்கம். ஆனால் துப்பறியும் கதையும் குடும்பக் கதையுமே ஓடிக்கொண்டிருந்த அந்தச் சந்தையில் இவர் கொண்டுவந்து வைத்த சரக்கு வேறு: சித்தர்கள், நவபாஷாணம், காவல் தெய்வம், நாடி சோதிடம், கிராமத்துக் கோயிலின் மூடிய அறை. கொலையைக் கண்டுபிடிக்கப் பொலிஸ் வருகிற இடத்தில் இவருடைய கதைக்குள் ஒரு நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொள்ளும். கொன்றது யார் என்ற கேள்வியோடு கொன்றது மனிதன்தானா என்ற கேள்வியும் சேர்ந்துவிடும்.

சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரலில் தொடங்கியது. சில வருடங்களுக்குள் கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனம் ‘மர்மதேசம்’ என்ற பொதுப்பெயரில் வாரம் ஒரு முறை வரும் தொடர்களைத் தயாரித்தது. முதலாவது ‘ரகசியம்’. சித்தர்களும் நவபாஷாண லிங்கமும் ஒரு கோயிலும் கலந்த கதை அது. அடுத்தது 1997-98 காலத்து ‘விடாது கருப்பு’. இரண்டையும் இயக்கியவர் நாகா. கதை இரண்டும் இந்திரா சௌந்தர்ராஜனுடையவை. பின்னாளில் 2004இல் தொடங்கிய ‘சிதம்பர ரகசியம்’ தொடரிலும் இந்த இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள்.

‘விடாது கருப்பு’ தொடரில் சேத்தன், தேவதர்ஷினி, பொன்வண்ணன், மோகன்ராம் முதலியோர் நடித்திருந்தார்கள். ஒரு புறம் கிராமம். அங்கே கருப்புசாமி காவல் தெய்வம். ஊரில் தப்பு செய்கிறவனை இரவில் குதிரையேறி வந்து தண்டிப்பார் என்பது ஊரின் நம்பிக்கை. தண்டனைகள் நடக்கவும் செய்கின்றன. மறுபுறம் நகரம். படித்தவர்கள், வைத்தியர்கள், மனநோய் பற்றிய பேச்சு. இந்த இரண்டும் இரு வேறு காலங்களில் நடக்கிற கதைகளாக மாறி மாறி வரும். எங்கே போய் முட்டப்போகின்றன என்பதுதான் பார்ப்பவனை வாரா வாரம் இழுத்து வைத்த கயிறு.

நான் இதைப் பார்த்தது வீடியோ கசற்றில். நாலைந்து வாரத்து அத்தியாயங்கள் ஒரே நாடாவில் வரும். ஒரே இரவில் தொடர்ந்து பார்த்தபோது கதையின் பலவீனங்கள் தெரிந்தன. அதே காட்சி இரண்டு முறை, அதே திடுக்கிடும் இசை நாலு முறை. ஒவ்வொரு வாரமும் காத்திருந்து பார்த்தவர்களுக்கு அவை தெரிந்திருக்க நியாயமில்லை. இடையில் இருக்கிற ஏழு நாட்களும் கதையின் ஒரு பகுதி. அந்த நாட்களில் தேநீர்க் கடையிலும் வகுப்பறையிலும் ஆளாளுக்கு ஒரு முடிவு சொல்லுவார்கள். பயம் என்ற சாமான் அப்படித்தான் ஊறும்.

இங்கேதான் தமிழுக்கே உரிய ஒரு சங்கதியைச் சொல்லவேண்டும். நமது வெகுசன நாவல்கள் பெரும்பாலும் வாரப் பத்திரிகையின் தொடர்கதைகளாகப் பிறந்தவை. அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு கதவு திறக்கும், அல்லது ஒரு விளக்கு அணையும். ‘தொடரும்’ என்று போடுவார்கள். இப்படிக் கட்டப்பட்ட கதையை இரண்டரை மணி நேரச் சினிமாவுக்குள் அடைக்க முயன்றால் அந்தக் கதவுகளில் முக்கால்வாசி வீணாகிவிடும். வாரத் தொடருக்குள் வைத்தால் ஒவ்வொரு கதவும் அதனதன் இடத்தில் நிற்கும். ‘மர்மதேசம்’ வென்றதற்கு நாகாவின் திறமை ஒரு காரணம். கதை தனக்கேற்ற பாத்திரத்தில் ஊற்றப்பட்டது இன்னொரு காரணம்.

மறுபக்கத்துக்கு உதாரணம் சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’. ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. கல்யாணராமன் என்ற பட்டணத்து இளைஞன் நாட்டுப்பாடல் ஆராய்ச்சிக்காக ஒரு கிராமத்துக்குப் போய்ப் பாழடைந்த ஜமீன் மாளிகையில் தங்குகிறான். இரவில் விசித்திரங்கள் நடக்கின்றன. பேயா, மனிதனா என்று அவனும் நாமும் அல்லாடுகிறோம். வெள்ளி என்ற கிராமத்துப் பெண்ணும், ஜமீனுக்கு வாரிசாக வந்து சேருகிற சினேகலதாவும் கதைக்குள் வருகிறார்கள். 1981இல் ஜி. என். ரங்கராஜன் இதைப் படமாக்கினார். பிரதாப் போத்தன், ஸ்ரீபிரியா நடித்தார்கள், இளையராஜா இசை. பாட்டுகள் இனிமையானவை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நாவலில் நாட்டுப்பாடல் என்பது ஆராய்ச்சிப் பொருள். கதாநாயகன் காது கொடுத்துக் கேட்டு, ஏட்டில் குறித்து வைக்கிற ஒன்று. படத்தில் அது பாட்டுக் காட்சியாகிவிட வேண்டியிருக்கிறது. பயம் மெல்ல ஏறிக்கொண்டு வருகிற நேரத்தில் பாட்டு வந்தால் ஏறினதெல்லாம் இறங்கிவிடும். தமிழ்ச் சினிமாவில் பேய்க்கதை எடுக்கிறவர்கள் எல்லோரையும் வாட்டுகிற நோய் இது. ‘ப்ரியா’ நாவலில் இலண்டனில் நடக்கிற கதை 1978ஆம் ஆண்டுப் படத்தில் சிங்கப்பூருக்குப் போய்விட்டதையும், கணேஷ் என்ற வழக்கறிஞர் ரஜினிகாந்தாக வந்ததையும் நினைத்துப் பார்த்தால், செண்பகப்பூவுக்கு நடந்தது சிறிய சேதம்தான்.

சுஜாதா பேயை நம்பாத எழுத்தாளர். குமுதத்தில் வந்த ‘கொலையுதிர் காலம்’ நாவலில் கணேஷும் வஸந்தும் ஒரு பண்ணை வீட்டில் காணும் உருவங்களுக்கு முப்பரிமாண ஒளிப்படம் என்ற விஞ்ஞான விளக்கத்தை முன்வைக்கிறார். ஆனாலும் முழுவதும் கதவைச் சாத்திவிடுவதில்லை, ஒரு சிறு இடுக்கு வைத்திருப்பார். இந்திரா சௌந்தர்ராஜன் அந்த இடுக்கையே வாசலாக்கிக் கொண்டவர். வைத்தியரின் விளக்கமும் சரி, பூசாரியின் விளக்கமும் சரி, எதை எடுத்துக்கொள்வது என்பது உன் பாடு என்று இரண்டையும் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். எழுத்திலே இது சுலபம். திரையில் மிகவும் கஷ்டம். ஏனென்றால் கமெரா எதைக் காட்டினாலும் பார்ப்பவன் அதை நடந்ததாகவே எடுத்துக்கொள்ளுவான். ‘குதிரை வந்ததாம்’ என்று எழுதலாம். ‘ஆம்’ என்ற அந்த ஈரெழுத்துச் சந்தேகத்தைப் படம் பிடிக்க முடியாது. நாகா இதற்குக் கண்ட வழி, சாமியை நேருக்கு நேர் நிறுத்திக் காட்டாமல், இருட்டிலும் நிழலிலும் குளம்பொலியிலும் பயந்தவர்களின் முகத்திலும் காட்டியது. கையில் பணம் குறைவாக இருந்ததும் இதற்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். காசு கூடியிருந்தால் சாமியைத் தெளிவாகக் காட்டியிருப்பார்கள், காரியமும் கெட்டிருக்கும்.

கருப்புசாமி எங்களுக்கு முற்றிலும் அந்நியரல்லர். மலையகத் தோட்டங்களில் முனியாண்டியோடும் ரோதைமுனியோடும் அவரும் இருக்கிறார். எங்கள் கல்முனைக்குப் பக்கத்திலேயே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு நடக்கும் காலத்தில் அந்த வீதியின் சூட்டை அறியாத முஸ்லிம் வீடு இந்தப் பகுதியில் இல்லை. ஆனாலும் அந்த நம்பிக்கை எங்களுடையதல்ல. எங்களுடையதல்லாத தெய்வத்துக்கு நாங்கள் ஏன் பயந்தோம் என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். கதைக்குள்ளே இருக்கிற மனிதர்கள் உண்மையாகவே பயந்தார்கள், அவர்களுடைய பயம் எங்களைத் தொற்றிக்கொண்டது. அதற்கு மேல் எங்களிடம் யாரும் நம்பிக்கை கேட்கவில்லை.

ஆனால் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு முஸ்லிம் சமூகம் அமானுஷ்ய நாவல் ஒன்றைத் தனக்கென்று எடுத்துத் திரைக்குக் கொண்டுபோக முற்பட்டால் என்ன செய்யும்? இதற்குக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. துருக்கியும் பாகிஸ்தானும் செய்து பார்த்திருக்கின்றன.

பிராம் ஸ்ரோக்கரின் ‘ட்ரகுலா’ 1897இல் வெளிவந்த நாவல். 1922இல் ஜேர்மனியில் முர்னாவ் அதை அனுமதி பெறாமல் ‘நொஸ்ஃபெராட்டு’ என்று பெயரையும் பாத்திரங்களையும் மாற்றிப் படமாக்கினார். ஸ்ரோக்கரின் விதவை வழக்குத் தொடர்ந்தார். பிரதிகளை அழித்துவிடும்படி 1925இல் தீர்ப்பாயிற்று. தப்பிய பிரதிகளால்தான் அந்தப் படம் இன்று நம் கையில் இருக்கிறது. (பெயரை மாற்றிக் கதையை எடுத்துக்கொண்டது அந்த வழக்கு. நம் காலத்தில் மறுதலையும் நடந்தது. 2019இல் நயன்தாரா நடித்த ‘கொலையுதிர் காலம்’ படத்தில் சுஜாதாவின் கதை இல்லை, தலைப்பு மட்டுமே. அது சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று.)

துருக்கியில் அலி ரிஸா செய்ஃபி என்பவர் 1928இல் ட்ரகுலாவைத் துருக்கிக் கதையாக்கி எழுதினார். அதில் இரத்தம் குடிப்பவன் துருக்கியரைக் கழுமரத்தில் ஏற்றிய பழைய எதிரி. அவன் இலண்டனுக்குப் போகவில்லை, இஸ்தான்புல்லுக்கு வருகிறான். மூல நாவலில் அவனை விரட்டுவது சிலுவை. செய்ஃபியின் புத்தகத்தில் அந்த இடத்துக்குக் குர்ஆன் வருகிறது. 1953இல் மெஹ்மத் முஹ்தார் அந்தப் புத்தகத்தைப் படமாக்கியபோது இன்னொன்று நடந்தது. திரையில் வேதத்தையும் தூக்கவில்லை, சிலுவையையும் தூக்கவில்லை. வெள்ளைப்பூண்டே எல்லா வேலையையும் பார்த்தது! சிரிப்பாக இருக்கலாம். ஆனால் புத்தகத்தில் எழுதத் துணிந்ததைப் படத்தில் காட்டத் துணியாத அந்தத் தயக்கம் எனக்கு மிகவும் பழக்கமானதாகத் தெரிகிறது.

லாகூரில் 1967இல் க்வாஜா சர்ஃபராஸ் எடுத்த ‘ஸிந்தா லாஷ்’ இதைவிடச் சுவாரசியமானது. ‘உயிருள்ள பிணம்’ என்று தமிழில் சொல்லலாம். பாகிஸ்தானில் வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழைப் பெற்ற முதற் படம் அது என்று சொல்வார்கள். ஸ்ரோக்கரின் பிரபு சாபத்தினால் இறவாதவன். ஒரு முஸ்லிம் நாட்டில் அப்படிச் சொல்ல முடியாது. மரித்தவர் எழுவது மறுமை நாளில்தான், உயிர் கொடுப்பதும் எடுப்பதும் அல்லாஹ்வின் செயல். ஆகவே பிரபு பேராசிரியராகிவிட்டார். மரணத்தை வெல்ல மருந்து கண்டுபிடிக்கிற விஞ்ஞானி தபானி அதைத் தானே குடித்துச் செத்து, பிறகு எழுந்து வருகிறார். குற்றம் சாபத்திலிருந்து ஆணவத்துக்கு இடம் மாறிற்று. பாட்டும் நடனமும் தாராளமாக உண்டு, அது தென்னாசியாவின் வரி. ஆனால் கதையின் முதுகெலும்பை மார்க்கத்துக்கு ஏற்ப மாற்றி வைத்த விதத்தில் அந்தப் படக்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அவர்கள் ட்ரகுலாவைத் தங்களுக்கான கதையாக மாற்றியிருக்கிறார்கள்.

அதற்கு மாறானது 1974இல் துருக்கியில் மெதின் எர்க்ஸான் எடுத்த ‘ஷெய்தான்’. 1964இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது வாங்கிய இயக்குனர் அவர். வில்லியம் பீற்றர் பிளாட்டியின் ‘த எக்ஸோர்சிஸ்ட்’ 1971இல் நாவலாகவும் 1973இல் ஹொலிவூட் படமாகவும் உலகத்தை உலுக்கியிருந்தது. எர்க்ஸான் படத்தின் காட்சிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து, பாதிரியார் இருந்த இடத்தில் வேறொருவரையும் புனித நீர் இருந்த இடத்தில் ஸம்ஸம் நீரையும் வைத்தார். ஆனால் பிளாட்டியின் கதைக்குள் ஓடுவது நம்பிக்கை இழந்துகொண்டிருக்கிற ஒரு பாதிரியாரின் வேதனை. அந்தக் கிறிஸ்தவ வேதனை இல்லாமல் கட்டிலும் பிள்ளையும் அலறலும் மட்டும் பெயர்ந்து வந்திருக்கின்றன. பெயர்ப்பலகையை மாற்றினால் கடை மாறாது.

இனி எங்கள் பக்கம் வருவோம். இலங்கையின் முதற் தமிழ் நாவலை எழுதியவர் ஒரு முஸ்லிம். சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வந்தது. எகிப்தில் பிறந்து களவுபோன பிள்ளையின் சாகசக் கதை அது. கடத்தலும் சூழ்ச்சியும் உண்டு, நாட்டுக்கு நாடு பயணமும் உண்டு. அன்றைக்கு எடுத்திருந்தால் நல்ல படமாகியிருக்கும். நாவல் திரைக்குப் போவது இலங்கைத் தமிழரிடையே நடவாத காரியமல்ல. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இல் பிரேம்நாத் மொறாயிஸின் இயக்கத்தில் படமாகியிருக்கிறது. ஆனால் கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும், இரவில் சொல்லப்படுகிற ஜின் கதைகள் வாயோடு நின்றுவிடுகின்றன.

இதற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்ல நான் ஒப்பமாட்டேன். காரணம் மார்க்கத்துக்குள்ளே இருக்கிறது. ஜின் என்ற படைப்பு உண்டு என்பது எங்கள் ஈமானோடு சேர்ந்த விஷயம். குர்ஆனின் 72ஆவது அத்தியாயமே அந்தப் பெயரைக் கொண்டது. ஆகவே சுஜாதாவைப் போல ‘அப்படி ஒன்றும் இல்லை, எல்லாம் மனிதனின் சூழ்ச்சி’ என்று கதையை முடிக்க எங்கள் எழுத்தாளனால் இயலாது. சரி, உண்டு என்றே எழுதலாமென்றால், ஜின் பிடித்ததென்று தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் தாயத்துக் கட்டுவதும் கதைக்குள் வந்துவிடும். அவை மார்க்கமா, மார்க்கத்துக்கு மாறானதா என்ற சண்டையில் எங்கள் ஊர்கள் நீண்டகாலமாக இரண்டுபட்டுக் கிடக்கின்றன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியின் பேரால் கொடியேறுகிற நாட்களில் ஒரே வீட்டில் தகப்பன் போவார், மகன் போகமாட்டான். அந்தத் தகப்பனையும் மகனையும் வைத்து ஒரு ஜின் கதை எழுதினால், இந்திரா சௌந்தர்ராஜனின் வைத்தியரும் பூசாரியும் நிற்கிற அதே இடத்தில் அவர்கள் இருவரும் நிற்பார்கள். ஆனால் எழுதுகிறவன் இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்கவேண்டியிருக்கும். அச்சில் வந்தாலே இந்தப் பாடென்றால் திரையைப் பற்றிப் பேசத் தேவையில்லை.

அப்படி ஒருவர் எழுதினால் முதலில் அதை வானொலிக்குத் தரும்படி கேட்பேன். நான் வானொலிக்காரன் என்பதால் சொல்லவில்லை. கமெராவால் பிடிக்க முடியாத அந்த ‘ஆம்’, ‘குதிரை வந்ததாம்’ என்பதில் வருகிற ‘ஆம்’, ஒலிவாங்கிக்குப் பிடிபடும். பின்னேரத்துப் பாங்கு முடிந்த பிறகு கிணற்றடியில் வாளி தானாக இறங்குகிற சத்தத்தைக் கேட்கச் செய்யலாம். கயிற்றைப் பிடித்திருப்பது யார் என்று காட்டவேண்டிய கடமை இல்லை. உம்மம்மா ‘ஆரது?’ என்று ஒரு முறை கேட்பார். அதற்குப் பதில் வராது. பிறகு வாளி மேலே வருகிற சத்தம் மட்டும் கேட்கும்.